கான்ஹேரிப் பள்ளத்தாக்கை ஒருமுறை சுற்றி வாருங்கள்

மும்பைக்கு வந்து குடியேறி எத்தனை வருஷம் ஆனாலும், நம்மவர்களில் பலருக்கு 'நேஷனல் பார்க்' என்றால் நினைவுக்கு வருவது குழந்தைகளின் பொம்மை ரயிலும், கம்பி போட்ட வண்டியில் போய்ச் சிங்கம் பார்த்த சவாரியும்தான். ஊரிலிருந்து மாமா குடும்பம் வந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமை போவோம். புளியோதரையைப் பிரித்துச் சாப்பிடுவோம். நாலு போட்டோ எடுத்துக்கொண்டு ஐந்து மணி லோக்கலைப் பிடித்துத் திரும்பிவிடுவோம். வாசலைத் தாண்டி உள்ளே சுமார் 6 கிலோமீட்டர் தொலைவில் ஒரு பள்ளத்தாக்கு இருக்கிறது. அதைச் சுற்றி நடந்து வரலாம். அப்படி நடந்தால் நாம் குடியிருக்கும் தெருவைப் பற்றியே பல விஷயங்கள் புரியும் என்பது பலருக்குத் தெரியாது. கடந்த பல ஆண்டுகளாக வருடத்துக்கு இரண்டு மூன்று முறையாவது அங்கே நடந்து வருகிறவன் என்ற முறையில், வாசக அன்பர்களுக்காக இதை எழுதுகிறேன்.

சஞ்சய் காந்தி தேசியப் பூங்காவின் பரப்பு சுமார் 104 சதுர கிலோமீட்டர். மேற்கே போரிவ்லி, காந்திவ்லி, கோரேகான், கிழக்கே முலுண்ட், பாண்டுப், வடக்கே தாணே. இத்தனை புறநகர்களுக்கும் நடுவில் ஒரு காடு உட்கார்ந்திருக்கிறது. உலகத்தின் பெரிய நகரங்களில் எல்லைக்குள்ளேயே சிறுத்தைகள் வாழும் காடு வைத்திருப்பவை மிகச் சில. அந்தப் பெருமை நம் ஊருக்கு உண்டு. அதனால் வரும் பொறுப்பும் உண்டு.

போகும் வழி

வெஸ்டர்ன் லைனில் போரிவ்லியில் இறங்கிக் கிழக்குப் பக்கம் வந்தால், நெடுஞ்சாலையைத் தாண்டியதும் பூங்காவின் பெரிய வாசல். நடந்தே போய்விடலாம். திங்கட்கிழமை விடுமுறை. மற்ற நாட்களில் காலையிலேயே போய்விடுவது நல்லது. உள்ளே போக ஒரு டிக்கெட். கான்ஹேரிக் குகைகளுக்குத் தனி டிக்கெட், அது தொல்பொருள் துறையினுடையது. கட்டணமும் நேரமும் அவ்வப்போது மாறுவதால் புறப்படும் முன் விசாரித்துக்கொள்ளுங்கள்.

வாசலிலிருந்து கான்ஹேரி வரை தார் ரோடு. காலில் வலுவுள்ளவர்கள் போக 6, வர 6, மேலே குகைகளைச் சுற்ற இரண்டு மூன்று என்று கணக்குப் போட்டுக்கொள்ளலாம். மொத்தம் 15 கிலோமீட்டருக்குள் முடிந்துவிடும். வயதானவர்களும் சிறு குழந்தைகளும் மேலே வரை வண்டியில் போய், குகைகளின் சுற்றை மட்டும் நடந்தால் போதும். எழுபது வயதைத் தாண்டிய என் மாமியார், முழங்கால் வலியோடு, படிக்குப் படி உட்கார்ந்து எழுந்து அதை முடித்திருக்கிறார்.

ரோட்டோரமாகத் துணைக்கு வருவது தஹிஸர் நதி. கோடையில் கற்களும் சில குட்டைகளும்தான் தெரியும். மழைக்காலத்தில் இதுவா அது என்று கேட்கும்படி ஓடும். துளசி ஏரிப் பக்கத்தில் தொடங்கும் இந்த நதி காட்டை விட்டு வெளியேறி, போரிவ்லி, தஹிஸர் கட்டடங்களுக்கு நடுவே புகுந்து, மனோரிக் கழிமுகத்தில் கடலோடு சேர்கிறது. காட்டுக்குள் இது நதி. வெளியே வந்ததும் நாம் அதை 'நாலா' என்று கூப்பிடுகிறோம். பெயரை மாற்றியதோடு நிற்காமல் அதில் குப்பையும் கொட்டுகிறோம்.

நமக்குத் தெரிந்த மரங்கள்

மராத்தியிலும் ஆங்கிலத்திலும் பெயர்ப் பலகை பார்த்து, ஏதோ அந்நிய தேசத்துக் காடு என்று நினைக்க வேண்டாம். பாதி மரங்கள் நம் ஊர்க்காரர்கள்தான். 'சாக்' என்பது தேக்கு. பங்குனி வெயிலில் இலையே இல்லாமல் செக்கச்செவேலென்று பூக்கும் 'பளஸ்' நம் புரசு. 'சாவர்' என்பது இலவ மரம். 'மோஹா' என்பது நம் இலுப்பைக்கு நெருங்கிய உறவு. முதலைத்தோல் போலப் பட்டை வெடித்திருக்கும் 'ஐன்' மரம் கருமருது. கடம்பும் உண்டு. இங்கேயே பிறந்து வளர்ந்த நம் பிள்ளைகளுக்கு இந்தப் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே நடப்பது எனக்கு ஒரு வழக்கம். தமிழ் வகுப்பில் உட்கார வைத்தால் நெளியும் பையன், 'இது புரசு, இது கருமருது' என்று முந்திக்கொண்டு சொல்வான்.

குறிப்பாகச் சொல்ல வேண்டிய செடி ஒன்று, கார்வி. மரங்களுக்கு அடியில் ஆளுயரத்துக்குப் புதராக மண்டியிருக்கும். எட்டு வருஷத்துக்கு ஒருமுறை மொத்தமாக ஊதா நிறத்தில் பூத்து, விதை விட்டு, அத்தோடு காய்ந்துவிடும். 2008, 2016, 2024 ஆகிய ஆண்டுகளில் இங்கே பூத்தது. அந்தக் கணக்கில் அடுத்தது 2032. நம் பழனி மலையிலும் நீலகிரியிலும் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை பூத்து, 2006லும் 2018லும் கூட்டம் கூட்டமாக மக்களை இழுத்ததே குறிஞ்சி, அதற்கு இது ஒன்றுவிட்ட தங்கை. இரண்டும் ஒரே பேரினம். காய்ந்த கார்விக் குச்சிகளை அடுக்கி மண்ணும் சாணமும் பூசிச் சுவர் எழுப்புவது இந்தப் பக்கத்து வார்லி ஆதிவாசிகளின் வழக்கம். அவர்களுடைய பாடாக்கள், அதாவது சிறு குடியிருப்புகள், இன்றும் இந்தக் காட்டுக்குள் இருக்கின்றன. ரோட்டோரம் வெள்ளரிக்காயும் மாங்காய்க் கீற்றும் உப்பு மிளகாய் தூவி விற்கும் பெண்கள் பலர் காட்டுக்குள்ளிருந்து வருகிறவர்கள். நாம் இங்கே வந்தேறிகள். அவர்களுக்கு இது பிறந்த மண். பேரம் பேசாமல் வாங்கிச் சாப்பிடுங்கள்.

பாறையில் பிடித்த தண்ணீர்

டிக்கெட் கொடுத்துப் படியேறியதும் கான்ஹேரி. 'கிருஷ்ணகிரி' என்பதுதான் திரிந்து கான்ஹேரி ஆனது என்பார்கள். கருமலை என்று தமிழில் சொல்லலாம். எரிமலைக் குழம்பு இறுகி உண்டான கரும்பாறை. அதில் நூற்றுக்கும் மேற்பட்ட குகைகளைப் பௌத்தத் துறவிகளுக்காகக் குடைந்திருக்கிறார்கள். கிறிஸ்து பிறப்பதற்குச் சற்று முன்பு தொடங்கிய வேலை, ஏறக்குறைய ஆயிரம் ஆண்டுகள் நடந்திருக்கிறது.

எல்லோரும் முதலில் பார்ப்பது மூன்றாம் எண் குகை. சாதவாகன மன்னன் யக்ஞஸ்ரீ சாதகர்ணியின் காலத்தைச் சேர்ந்தது. வரிசையாகத் தூண்கள், நடுவில் கல்லிலேயே செதுக்கிய ஸ்தூபி, முகப்பில் இருபுறமும் ஆளைப்போல நாலு மடங்கு உயர புத்தர் சிலைகள். பெரும்பாலான குடும்பங்கள் இதைப் பார்த்துவிட்டு, பதினோராம் எண் குகையின் நீண்ட கல் திண்ணைகளில் சற்று உட்கார்ந்துவிட்டுத் திரும்பிவிடும். திரும்பாமல் மேலே ஏறுங்கள். பள்ளத்தாக்கின் ஒரு கரையோடு ஏறி, உச்சியில் வெட்டவெளிப் பாறையைக் கடந்து, ஓடைக்கு மறுபக்கமாக இறங்கி வருவதுதான் நான் சொல்லும் சுற்று. நாற்பத்தொன்றாம் எண் குகையில் பதினொரு தலை கொண்ட அவலோகிதேஸ்வரர் சிற்பம் இருக்கிறது. தொண்ணூறாம் எண் குகையில் 1009, 1021 ஆண்டுகளில் வந்துபோன பார்சிகள் பஹ்லவி எழுத்தில் பொறித்துவிட்டுப் போன கல்வெட்டுகள் இருக்கின்றன. வெளியூரிலிருந்து வந்தவர்கள் கூட்டமாகச் சேர்ந்து சுற்றிப் பார்ப்பது இங்கே ஆயிரம் வருஷப் பழக்கம் என்று தெரிகிறது!

ஆனால் என்னைத் திரும்பத் திரும்ப அங்கே இழுப்பது சிற்பங்களை விட, குகை வாசலில் இருக்கும் தொட்டிகள். பல குகைகளின் முன்பக்கத்தில், ஓரமாக, ஒரு சதுர வாய் தெரியும். குனிந்து பார்த்தால் உள்ளே இருட்டில் தண்ணீர் பளபளக்கும். மலையின் மேல் விழும் மழையைப் பாறையில் வெட்டிய மெல்லிய வாய்க்கால்கள் பிடித்து, ஒரு தொட்டியிலிருந்து இன்னொன்றுக்கு என்று இறக்கிக் கொண்டுவருகின்றன. இங்கே நாலு மாதம் கொட்டும். எட்டு மாதம் ஒரு சொட்டு இருக்காது. அந்த எட்டு மாதத்துக்குக் குடிக்கவும் குளிக்கவும் செய்த ஏற்பாடு இது. பழைய கல்வெட்டுகளில் இந்தத் தொட்டிகளுக்குப் 'பானீயபோடி' என்று பெயர். கல்யாண், சோபாரா, சௌல் போன்ற துறைமுக ஊர்களின் வியாபாரிகள் குகையையும் தொட்டியையும் தானமாகக் கொடுத்ததை அந்தக் கல்வெட்டுகள் சொல்கின்றன. பிழைக்க வந்த இடத்தில் சம்பாதித்ததில் ஒரு பங்கைத் தண்ணீருக்குக் கொடுத்திருக்கிறார்கள். குளம் வெட்டுவதும் தண்ணீர்ப் பந்தல் வைப்பதும் புண்ணியம் என்று கேட்டு வளர்ந்த நமக்கு இது புரியாதா என்ன?

மேலேயிருந்து பார்த்தால்

உச்சிப் பாறையில் நின்று மேற்கே பார்த்தால், காடு முடியும் இடத்தில் ஒரு கோடு போட்டது போல அடுக்குமாடிக் கட்டடங்கள் தொடங்கும். நடுவில் வேறு எதுவும் கிடையாது. அங்கே நின்றுதான், எங்களோடு வந்த திருநெல்வேலி அண்ணாச்சி ஒருவர் ஒரு கேள்வி கேட்டார். 2005ல் தாராவியில் கடை வைத்திருந்தவர்.

"அன்னைக்கு நம்ம கடைக்குள்ள நெஞ்சு மட்டத்துக்கு வந்த தண்ணி, இந்த மலையில இருந்தா தம்பி வந்துச்சு?"

கேட்கவேண்டிய கேள்விதான். அவருக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன்.

இந்தக் காட்டிலிருந்தும் அதன் ஓரங்களிலிருந்தும் கிளம்பும் நதிகள் நான்கு: தஹிஸர், போய்ஸர், ஓஷிவாரா, மிட்டி. இவற்றில் மிட்டி, விஹார் ஏரியும் பவாய் ஏரியும் நிரம்பி வழியும் நீரில் பிறக்கிறது. விமான நிலையத்தின் ஓரமாகவும் குர்லா வழியாகவும் வந்து, தாராவியைத் தொட்டு, மாஹிம் கழிமுகத்தில் கடலில் விழுகிறது. 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸில் 24 மணி நேரத்தில் 944 மில்லிமீட்டர் மழை பதிவானது. சென்னையில் ஒரு வருஷம் முழுக்கப் பெய்வது சராசரியாக 1,400 மில்லிமீட்டர் என்பதை நினைத்துப் பாருங்கள். அதே நேரத்தில் கடல் ஏற்றம். கழிமுகம் தண்ணீரை வாங்கவில்லை. நதியின் அகலத்தையோ நாம் பல இடங்களில் கட்டடங்களாலும் குப்பையாலும் சுருக்கி வைத்திருந்தோம். அண்ணாச்சி கடைக்குள் வந்த தண்ணீரில் மலைத்தண்ணீரும் இருந்தது, தெருக்களில் விழுந்த மழையும் இருந்தது, திரும்பி வந்த கடலும் இருந்தது.

அப்படியானால் காடு என்ன செய்கிறது? மழை முதலில் இலைகளில் விழுந்து வேகம் குறைகிறது. தரையில் மெத்தையாகக் கிடக்கும் சருகு அதை உறிஞ்சுகிறது. வேர்கள் மண்ணைத் தளர்த்திப் பிடித்திருப்பதால் தண்ணீர் உள்ளே இறங்குகிறது. மிஞ்சியதுதான் ஓடைக்கு வருகிறது. அதுவும் மெதுவாக, பல மணி நேரமாக. சிமெண்ட் தரையில் விழும் மழைக்கு இந்தத் தடைகள் எதுவும் இல்லை. விழுந்த அத்தனையும் சில நிமிஷங்களில் சாக்கடைக்குப் போகிறது. 944 மில்லிமீட்டர் கொட்டினால் எந்தக் காடும் முழுதாகத் தாங்காது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனால் இந்த மலையும் மொட்டையாக, கட்டடமாக இருந்திருந்தால் நெஞ்சு மட்டத்தோடு நின்றிருக்குமா?

விஹார் ஏரியைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1860ல் முடிந்த இந்த ஏரியிலிருந்துதான் பம்பாய்க்கு முதன்முதலில் குழாய்த் தண்ணீர் வந்தது. துளசி ஏரி 1879ல் வந்தது. இன்று நம் குழாயில் வருவதில் பெரும்பகுதி பாட்சா, வைதரணா போன்ற தொலைதூர அணைகளின் தண்ணீர். இவ்விரண்டு ஏரிகளின் பங்கு சிறியது. ஆனாலும் இவற்றைச் சுற்றியிருந்த நிலத்தை நீர்ப்பிடிப்புப் பகுதியாகக் காப்பாற்றி வைத்ததால்தான் காட்டின் பெரும் பகுதி இன்றுவரை பிழைத்திருக்கிறது. தண்ணீருக்காகக் காடு காப்பாற்றப்பட்டது. இப்போது அந்தக் காடு நம் தெருக்களைக் காப்பாற்றுகிறது.

சிறுத்தை பயம்

"குழந்தைகளை அழைத்துப் போகலாமா? சிறுத்தை இருக்கிறதாமே?" என்று முதலில் கேட்பவர்கள் நம் வீட்டுப் பெண்கள்தான். நியாயமான கேள்வி. 2015ல் கேமரா வைத்துக் கணக்கெடுத்தபோது இங்கேயும் ஒட்டியுள்ள பகுதிகளிலும் 35 சிறுத்தைகள் இருந்தன. 2004ல் மட்டும் சிறுத்தை தாக்கிப் பல உயிர்கள் போயின. வேறிடங்களில் பிடித்த சிறுத்தைகளை இங்கே கொண்டுவந்து விட்டது, நிலைமையை மோசமாக்கிய காரணங்களில் ஒன்று என்று ஆராய்ச்சியாளர்கள் கருதுகிறார்கள். ஊர் தெரியாத மிருகம், பாவம், எங்கே போகும்? 2011ல் வனத்துறை, நகர மக்களோடு சேர்ந்து ஒரு விழிப்புணர்வுத் திட்டத்தைத் தொடங்கியது. அதன்பின் பல ஆண்டுகள் தாக்குதல்கள் வெகுவாகக் குறைந்தன. ஆனால் 2021லும் 2022லும் ஆரே காலனியில் மறுபடி நடந்தன. ஆகவே அலட்சியம் கூடாது.

பகலில், ஆட்கள் நடமாடும் ரோட்டிலும் குகைகளிலும் பயப்படத் தேவையில்லை. இருட்டும் முன் வெளியே வந்துவிட வேண்டும். குழந்தைகள் முன்னால் ஓடாமல் பெரியவர்களுக்கு நடுவில் நடக்கட்டும். காட்டோரம் குடியிருப்பவர்களுக்கு இதைவிட முக்கியமான பாடம் வேறு. சிறுத்தை ஊருக்குள் வருவதற்குக் காரணம் பெரும்பாலும் நாய்தான். நாய் வருவதற்குக் காரணம் நம் குப்பை. சொசைட்டிக்குப் பின்னால் மதில் மேல் எறியும் மிச்சச் சோறு, சிறுத்தைக்கு வைத்த இலை. முலுண்டிலும் பாண்டுபிலும் கோரேகானிலும் நம் குடும்பங்கள் ஏராளம். அந்தக் கட்டடங்களின் கூட்டங்களில் இதை எழுந்து சொல்ல ஒருவர் வேண்டும். அந்த ஒருவர் ஏன் நம்மவராக இருக்கக்கூடாது?

போகும் முன் சில குறிப்புகள்

நடக்க ஏற்ற காலம் அக்டோபர் முதல் பிப்ரவரி வரை. மழைக்காலத்தில் அழகு அதிகம்; ஆபத்தும் அதிகம். பாறை வழுக்கும். ஓடையில் தண்ணீர் திடீரென்று ஏறும். ஓடும் நீரைக் கடக்கவே கூடாது.

ஆளுக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீராவது கொண்டுபோக வேண்டும். செருப்பு உதவாது, பிடிப்புள்ள காலணி அணியுங்கள்.

குரங்குகள் கைப்பையையே பிடுங்கும். உணவு கையில் தெரியக்கூடாது. 'ஆஞ்சநேயர்' என்று பக்தியோடு வாழைப்பழம் கொடுப்பதும் வேண்டாம். கொடுத்துப் பழக்கினால், நாளை கொடுக்காதவரைக் கடிக்கும்.

ரோட்டையும் குகைகளையும் விட்டு விலகிக் காட்டுக்குள் போக வனத்துறையின் அனுமதி அவசியம். ஷிலோண்டா என்ற ஓடையை ஒட்டிய நடைபாதை அருமையானது. வழிகாட்டியோடு, அனுமதி பெற்று மட்டுமே போக வேண்டும்.

பாறைத் தொட்டிகளில் கல் போடாதீர்கள். கொண்டுபோன பிளாஸ்டிக் அத்தனையும் உங்களோடு திரும்பி வரட்டும்.

கடைசியாக ஒன்று. காட்டுக்கு அடியில் தாணேக்கும் போரிவ்லிக்கும் இடையே இரட்டைச் சுரங்கச் சாலைக்கு 2024 ஜூலையில் அடிக்கல் நாட்டப்பட்டது. மணிக்கணக்கில் பஸ்ஸில் நிற்கும் நம் மக்களுக்கு அது வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் இப்படி ஒவ்வொரு திட்டம் வரும்போதும் காட்டைப் பற்றிப் பேசுகிறவர்கள், அந்தக் காட்டில் ஒருமுறையாவது நடந்தவர்களாக இருந்தால் பேச்சு சரியாக இருக்கும். 2003ல் தமிழ்நாட்டில் வீட்டுக்கு வீடு மழைநீர் சேகரிப்பு கட்டாயம் என்று சட்டம் வந்தபோது முணுமுணுத்தவர்களே, பிறகு கிணற்றில் நீர் ஏறியதைப் பார்த்து மகிழ்ந்தார்கள். கான்ஹேரிப் பாறையில் அந்த வேலையை 2,000 ஆண்டுகளுக்கு முன்பே உளியால் செய்து முடித்திருக்கிறார்கள். நாம் இருக்கும் கட்டடத்தின் மொட்டைமாடித் தண்ணீர் எங்கே போகிறது என்று இந்த வாரம் வாட்ச்மேனைக் கேட்டுப் பாருங்கள். அது தெரிந்துகொண்டு கான்ஹேரிக்குப் போனால், அந்தத் தொட்டிகளைப் பார்க்கும் பார்வையே வேறாக இருக்கும்.